ஒரு வீட்டுக்கு இரண்டு கூரை

களியக்காவிளை வழியாகப் பாறையும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக் கேரளத்துக்குச் செல்லும் டாரஸ் லாரிகளைப் பற்றிக் குமரி மாவட்டத்தில் பேசாதவர்கள் இல்லை. மலை போகிறது, சாலை பாழாகிறது என்ற கோபம் முற்றிலும் நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் நாம் கட்டுகிற வீடுகளுக்கும் அதே மலைகளை உடைத்துத்தான் கல் வருகிறது. அந்த வீடுகளை எப்படிக் கட்டுகிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

கூரையையே எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மண் இது. அதற்கேற்பச் சரிந்த ஓட்டுக் கூரையும் தாழ்ந்த இறவாரமும் வைத்து முன்னோர் கட்டினார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டை, தேக்கு, அயனி மரங்கள் உறுதியாக இருக்கும்போதே இடித்துவிட்டுத் தட்டையான கான்கிரீட் தளம் போடுகிறோம். சில ஆண்டுகளில் தளம் ஒழுகத் தொடங்குகிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. பிறகு மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, மேலே ஷீட் போடுகிறோம். ஒரே வீட்டுக்கு இரண்டு கூரை; இடித்துத் தள்ளியதையும் சேர்த்தால் மூன்று.

இதில் வீணாவது பணம் மட்டுமல்ல. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். வெளியேறும் வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது எரிபொருளால் வருவதல்ல, அந்தக் கல்லே சிதையும்போது வெளிவிடுவது. எனவே எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது, சிமெண்டின் தேவையையே குறைத்தாக வேண்டும்.

வீடில்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் கட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, கட்டத்தான் வேண்டும். அதனால்தான் குறைந்த பொருளில் கட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். அதைச் செய்துகாட்டிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (Laurie Baker) 1945-இல் இந்தியாவுக்கு வந்தவர். 2007-இல் மறையும்வரை பல்லாண்டுகள் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றியவர். தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி, சுழன்றேறும் வட்டக் கட்டடமாக நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதுதான். நம்மில் எத்தனையோ பேர் அங்கே காபி குடித்திருக்கிறோம்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துகிறார்கள். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, இடையிடையே இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். 9 அங்குலச் சுவருக்குள் சுமார் 3 அங்குல வெற்றிடம் கிடைக்கும். சாந்து அந்த இடைவெளியில் விழாதபடி ஒரு பலகையை மேலே வைத்துக்கொண்டு கொத்தனார் பொறுமையாகக் கட்ட வேண்டும். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், சாந்தும் குறையும், உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும். தளத்தின் கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டும் கம்பியைப் பொதிந்திருப்பதற்கு மேல் பெரிதாக எதையும் தாங்குவதில்லை என்பதால், கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்து வார்க்கலாம். இடித்த வீட்டின் ஓடு புது வீட்டின் தளத்துக்குள் போய்விடும்.

ஏன் இது எல்லையைத் தாண்டி இங்கே பரவவில்லை? சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுக்கும் ஒப்பந்தக்காரருக்கு, நிதானம் கேட்கிற வேலையில் லாபம் குறைவு. இம்முறையில் பெரும்பாலும் பூசாமலே விடும் செங்கல் சுவரைப் பார்த்தால் பணம் தீர்ந்து பாதியில் நின்ற வீடு என்று பெண் பார்க்க வருகிறவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் வீட்டுக்காரருக்கு. இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனெனில் அதை எந்தச் சட்டமும் மாற்றாது. கண்முன்னே நல்ல வீடுகள் எழுந்தால்தான் மாறும்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. அந்தத் தொகைக்குள் கட்டி முடிக்க வேண்டிய குடும்பத்துக்குக் கால் பங்குச் செங்கல் என்பது சிறிய விஷயமல்ல. குமரி மாவட்டத்தின் ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் இந்த முறையில் சில வீடுகளையாவது கட்டி, உள்ளூர்க் கொத்தனார்களுக்குக் கூலி கொடுத்து அங்கேயே பயிற்சியும் அளிக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.