ஒட்டுக்கேட்கும் தொடருக்குப் பின்னணி இசை எதற்கு?

'தி வயர்' என்ற அமெரிக்கக் காவல்துறைத் தொடரைப் பார்க்கத் தொடங்கிய நண்பர் ஒருவர் நான்கு அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார். கதை மெதுவாக நகர்கிறது என்றோ, பால்டிமோர் தெருப்பேச்சு புரியவில்லை என்றோ அவர் குறை சொல்லவில்லை. "இசையே இல்லை, எந்தக் காட்சியில் பதற வேண்டும், எந்தக் காட்சியில் சாய்ந்து உட்காரலாம் என்றே தெரியவில்லை" என்றார். அவர் கவனித்தது முழுக்கச் சரி. அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்தான் நான் அவரோடு மாறுபடுகிறேன். அன்று தொலைபேசியில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கதையின் சில முக்கிய மரணங்களைப் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது என்பதால், தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் காவல்துறைத் தொடர்களுக்கு இசையோடு நெருக்கமான உறவு உண்டு. 1984இல் தொடங்கிய 'மயாமி வைஸ்' தொடருக்கு யான் ஹாமர் வாரம்தோறும் புதிதாக சின்தசைசர் இசை அமைத்தார். அதன் முகப்பு இசை 1985 நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலின் முதல் இடத்தைப் பிடித்தது. பாடல் வரி எதுவுமில்லாத ஒரு தொலைக்காட்சி இசைத்துணுக்கு அந்த இடத்தை எட்டியது சிறிய செய்தியல்ல. 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்' தொடரின் பியானோவும், 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் காட்சி மாறும்போதெல்லாம் விழும் அந்த இரட்டைத் தட்டும் மைக் போஸ்ட் என்ற ஒரே இசையமைப்பாளரின் கைவேலை. இவற்றை நான் தாழ்த்திப் பேசவில்லை. ஹாமரின் இசை இன்றும் என் கைப்பேசியில் இருக்கிறது. ஆனால் இத்தகைய தொடர்களில் இசை என்பது வழக்கின் முடிவை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கும் ஒரு ஆள். கதவுக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறதா என்பதைத் துப்பறிவாளருக்கு முன்பே அவர் நமக்குச் சொல்லிவிடுவார்.

2002 முதல் 2008 வரை ஹெச்பிஓ தொலைக்காட்சியில் ஐந்து பருவங்களாக, 60 அத்தியாயங்களாக வந்த 'தி வயர்' அந்த ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. அதை உருவாக்கிய டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் துப்பறிவாளராகவும் பின்னர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். அவர்கள் வைத்துக்கொண்ட விதி எளிமையானது: காட்சிக்குள் இசை ஒலித்தால், அந்தக் காட்சிக்குள்ளேயே அது பிறக்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும். காரின் ஸ்டீரியோ, மதுக்கூடத்தின் பாட்டுப்பெட்டி, தெருமுனையில் யாரோ வைத்திருக்கும் வானொலி என ஏதாவது ஒன்று. கதாபாத்திரத்தின் காதில் விழாத இசை நம் காதிலும் விழாது.

இது வெறும் யதார்த்த மோகம் அல்ல என்று நான் நினைப்பதற்குக் காரணம் தொடரின் பெயரிலேயே இருக்கிறது. 'வயர்' என்பது இங்கே தொலைபேசி ஒட்டுக்கேட்பைக் குறிக்கிறது; இது ஒட்டுக்கேட்பதைப் பற்றிய கதை. காவலர்கள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, போதைப்பொருள் விற்கும் பையன்களின் தொலைபேசிப் பேச்சை மணிக்கணக்கில் கேட்கிறார்கள். எந்த அழைப்பு வழக்குக்குத் தொடர்புடையது, எது வெறும் வீட்டுப்பேச்சு என்று அவர்கள் ஒவ்வொன்றாகக் குறித்தாக வேண்டும். தொடர்பில்லாத பேச்சைத் தொடர்ந்து கேட்கச் சட்டம் அவர்களை விடுவதில்லை. பின்னணி இசை மற்ற தொடர்களில் செய்யும் வேலை துல்லியமாக இதுதான்: இந்தப் பேச்சு முக்கியம், அந்தப் பேச்சை விட்டுவிடலாம் என்று குறித்துக் கொடுப்பது. அந்தக் குறிப்பை நீக்கிவிட்டால் பார்வையாளரும் அந்தக் குளிரூட்டப்படாத அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதாகிறது. என் நண்பருக்கு ஏற்பட்ட சங்கடம் தொடரின் பிழையால் வந்ததல்ல. அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள், அவர் அதைக் கவனிக்கவில்லை.

முதல் பருவத்தில் பிரெஸ் என்ற காவலர் வருகிறார். தெருவில் இறங்கினால் விபரீதம் செய்பவர் என்பதால் அலுவலகத்திலேயே உட்கார வைக்கப்பட்டவர். ஆனால் மற்ற எவருக்கும் புரியாத தொலைபேசி முணுமுணுப்பு அவருக்குச் சொல் சொல்லாகப் புரிகிறது. எப்படி என்று கேட்டால், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'பிரவுன் சுகர்' பாடலின் வரிகளைப் பிடிப்பதற்காக அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய காது என்கிறார். பாட்டில் ஒரு சொல் பிடிபடாமல், வானொலியில் அது மறுபடி வரும் நாளுக்காகக் காத்திருந்த நம் தலைமுறையினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தத் தொடரில் இசை கண்ணீர் வரவழைக்கும் கருவியாக இல்லாமல், கேட்கும் திறனுக்கான பயிற்சியாக வந்து நிற்கும் இடம் இது.

இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் இதைவிடச் சிறிய, இதைவிடக் கூர்மையான காட்சி ஒன்று உண்டு. தெருமுனை வியாபாரியான போடி ஒரு வேலையாகப் பிலடெல்பியாவுக்குக் காரில் போகிறான். வழியில் அவன் கேட்டுக்கொண்டிருந்த பால்டிமோர் வானொலி கரகரத்து மறைந்துவிடுகிறது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. ஊரைவிட்டு அதற்குமுன் வெளியே போயிராதவனுக்கு, வேறு ஊருக்கு வேறு வானொலி இருக்கும் என்பதே செய்தி. கடைசியில் அகப்படுவது வானொலிக் கதைசொல்லி கேரிசன் கெய்லரின் நிதானமான கிராமத்துக் கதைப்பேச்சு. சோகமான வயலினை வைத்திருந்தால் அந்தப் பையனின் உலகம் எவ்வளவு சிறியது என்று நமக்கு உரைக்கப்பட்டிருக்கும். இங்கே அலைவரிசை போய்விட்டது என்பது மட்டும்தான் நிகழ்கிறது, நாம் சிரிக்கவும் செய்கிறோம். சிரித்தது உறுத்துவது பிறகுதான்.

வாலஸின் மரணத்தை நான் இரண்டு முறைக்குமேல் பார்த்ததில்லை. பதினாறு வயதுப் பையன். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, பாழடைந்த வீடொன்றில் வாழ்ந்தவன். அவனைக் கொல்ல அனுப்பப்பட்டவர்கள் அவனுடைய நண்பர்களே. அந்த அறையில் இசை இல்லை. ஒருவனுடைய கெஞ்சலும் இன்னொருவனுடைய தயக்கமும் மட்டும் கேட்கின்றன, தயக்கம் நீள்கிறது. இசை என்பது காலத்தை அளந்து கொடுப்பதும்கூட, இத்தனை அடிகளுக்குள் இது முடிந்துவிடும் என்ற உறுதியை அது தருகிறது. அந்த உறுதி இல்லாத நிலையில், சுடாமலே விட்டுவிடுவானோ என்று கடைசி நொடிவரை நம்பிக்கொண்டிருக்கிறோம். இரண்டாம் முறை பார்த்தபோதும் நம்பினேன்.

ஓமர் மட்டும் தனக்கென்று இசையோடு வருகிறான். போதை வியாபாரிகளிடமே கொள்ளையடிக்கும் அவன், நள்ளிரவுத் தெருவில் 'தி ஃபார்மர் இன் தி டெல்' என்ற குழந்தைப் பாட்டைச் சீட்டியடித்தபடி நடந்து வந்தால் தெருவே கதவை அடைத்துக்கொள்கிறது. நம் படங்களில் நாயகன் நுழையும்போது இசையமைப்பாளர் செய்துகொடுக்கும் வேலையை ஓமர் தன் வாயாலேயே செய்துகொள்கிறான். விதி அப்போதும் மீறப்படவில்லை, ஏனென்றால் அந்தச் சீட்டி பயப்படுகிறவர்களுக்கும் கேட்கிறது.

விதியை அவர்கள் மீறிய இடங்களும் உண்டு. ஐந்து பருவங்களின் முடிவிலும் ஒரு முழுப்பாடல் ஒலிக்க, நகரத்தின் பலரும் என்ன ஆனார்கள் என்று காட்சிகள் தொகுத்துக் காட்டப்படுகின்றன. முதல் பருவத்தில் ஜெஸ்ஸி வின்செஸ்டர், மூன்றாவதில் சாலமன் பர்க் என்று நல்ல குரல்கள்தாம். ஆனாலும் பன்னிரண்டு மணி நேரம் கட்டிக்காத்த கட்டுப்பாட்டைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தளர்த்துவதை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை. ஆண்டுக் கணக்கை முடிக்க ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் பருவத்தின் இறுதிக்கு முந்தைய அத்தியாயத்தில் நடக்கும் மீறல் வேறு வகை. துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் சொபோட்கா, தன் குடும்பத்தைக் காப்பாற்ற 'கிரேக்கன்' என்று அழைக்கப்படும் கடத்தல்காரனைச் சந்திக்கப் பாலத்தின் அடியில் நடந்து போகிறார். மீண்டு வரமாட்டார் என்று நமக்குத் தெரியும். அப்போது ஸ்டெலியோஸ் கசன்ட்சிடிஸ் பாடிய பழைய கிரேக்கப் பாடல் எழுகிறது. பிரிந்து போனதைத் தலைப்பிலேயே சொல்லும் பாடல். மொழி தெரியாத நமக்கு அது எதையும் விளக்குவதில்லை. சொபோட்காவுக்கும் அது அந்நியப் பாட்டு, கொல்லப்போகிறவர்களின் உலகத்திலிருந்து வரும் பாட்டு. அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கடத்தல்காரன் தான் கிரேக்கனே அல்ல என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறான். ஒரு மனிதரின் சாவுக்கு ஒலித்த பாடல்கூட இரவல் அடையாளம்தானா என்று அப்போது தோன்றுகிறது. இதற்காக எத்தனை விதிகளை வேண்டுமானாலும் மீறலாம்.

முகப்புப் பாடலைச் சொல்லாமல் விட முடியாது. டாம் வெயிட்ஸ் 1987இல் வெளியிட்ட, சாத்தானைக் குழிக்குள்ளேயே அடக்கி வைக்கச் சொல்லும் பிரசங்கத் தொனிப் பாடல் அது. பருவத்துக்கு ஒருவர் அதைப் பாடினார்கள். முதலில் 1939இல் பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் உருவான 'பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' குழு, இரண்டாவதில் வெயிட்ஸே, மூன்றாவதில் நியூ ஆர்லியன்ஸின் நெவில் சகோதரர்கள், ஐந்தாவதில், போதையிலிருந்து மீண்ட வாலன் என்ற பாத்திரத்தில் தொடரிலேயே நடித்த ஸ்டீவ் எர்ல். கதை துறைமுகத்துக்கும் நகர அரசியலுக்கும் நாளிதழுக்கும் நகரும்போது அதே பாடல் வேறு வாய்களுக்குப் போகிறது. எர்லின் வடிவத்தில் எந்திரத் தாளம் கூடிவிட்டதால் எனக்கு அது ஒட்டவே இல்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிய நான்காம் பருவத்துக்கு மட்டும் பிரபலங்கள் யாரையும் அழைக்காமல், பால்டிமோரைச் சேர்ந்த பதின்வயதினர் ஐவரைப் பாட வைத்தார்கள். டோமாஜே என்பது அவர்கள் குழுவின் பெயர். முதியவர்கள் பாடியபோது எச்சரிக்கையாகக் கேட்ட வரிகளை அந்தப் பிள்ளைகள் எந்தக் கனமும் இல்லாமல், கைதட்டிப் பாடும் விளையாட்டுப் பாட்டைப் போலப் பாடிக்கொண்டு போகிறார்கள். நண்பர் மறுபடி தொடங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்காம் பருவத்துக்கு வந்து சேரும்போது, முகப்பைத் தாண்டிச் செல்லும் பொத்தானில் கை வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.