நாற்று நட்டாச்சு, அப்புறம்?

மூன்று வருடத்துக்கு முன், ஒரு தன்னார்வக் குழு கூப்பிட்டதென்று தொண்டிப் பக்கம் அலையாத்தி (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம்) நாற்று நடப் போனேன். முழங்கால் அளவு சேறு, பச்சை டீசர்ட், டிரோன் கேமரா, மதியம் பிரியாணி. சந்தோஷமாகத்தான் இருந்தது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும், "தம்பி, அங்க தண்ணி ஏறாதுப்பா, வாய்க்கா மண்ணடிச்சுக் கெடக்கு" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். சேறு காய்ந்து வெடித்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கறுப்பு நாற்றுப் பைகள் நாங்கள் போட்ட இடத்திலேயே கிடந்தன. மிஞ்சியிருந்த நாலைந்து குச்சிகளை ஆடு கடித்திருந்தது.

அலையாத்தி உப்பைத் தாங்கும். ஆனால் கடல் ஏறி இறங்கி மண்ணை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்று காய்ந்தால் உப்பு ஏறி, அலையாத்தியும் பிழைக்காது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்தது இதைத்தான். நடுவில் பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள் மாதிரி கிளை வாய்க்கால்கள், அப்புறம்தான் நடவு. அந்த வாய்க்கால்களும் தூர்ந்துபோகும், திரும்பத் திரும்ப வார வேண்டும். தூர்வாரும் போட்டோவுக்கு யார் லைக் போடுவார்கள், சொல்லுங்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளப் பாறைகளுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறையாக அங்கே கடல்பாசி எடுத்து வந்த பெண்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. நம் குழுக்களில் எத்தனை பேர் அந்தப் பெண்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருக்கிறோம்? காட்டையும் கடலையும் காக்கிறோம் என்று கிளம்புகிறவர்கள், முதலில் வலை பொத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் பாதிச் செலவு மிச்சம்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் வாட்ஸப்பில் அழைப்பு வந்திருக்கிறது. ஐந்நூறு நாற்றாம். வாய்க்கால் யார் வாருவது என்று கேட்டேன். நீல டிக் விழுந்து இரண்டு நாளாகிறது.