கூரை ஓட்டை விட்டுவிட்டுப் பனஞ்சட்டத்தைப் பாருங்கள்

பழைய வீடு வாங்குபவர்களுக்காக வந்த கட்டுரை, பார்க்க வேண்டிய பத்திரங்களை நன்றாகவே சொல்கிறது. கட்டடத்தில் என்ன பார்ப்பது என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். கொங்குப் பக்கம் மலிவாக வருபவை பெரும்பாலும் மண்சுவர் ஓட்டு வீடுகள்தான். ஓடு உடைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டம் சுவருக்குள் நுழையும் முனைதான் உயிர்நாடி, ஒழுகும் தண்ணீர் அங்கேதான் தங்கும். ஏணி போட்டு ஏறி ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் உள்ளே கரையான் தின்றோ மக்கியோ இருக்கும், மேலே பெயின்ட் மட்டும் பளபளக்கும்.

மண்சுவரில் புதிதாக சிமென்ட் பூசியிருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் அடிச்சுவர் உப்புப் பூத்து உதிரும். முழங்கால் உயரம் வரை விரலால் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளலாகக் கேட்குமிடத்தில் பூச்சு விட்டிருக்கும். வீடு நிற்கும் இடம் கரிசல் மண் என்றால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மண் மழைக்கு உப்பிக் கோடையில் சுருங்குவதால் வருவது அது. பூசி மூடினாலும் திரும்ப வரும்.

பத்திரத்தில் ஒன்று மட்டும்: வில்லங்கச் சான்றில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவைதான் தெரியும், பதிவாகாத வாரிசுப் பங்கு தெரியாது. விற்பவரின் இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும் சொத்து என்றால் வாரிசுச் சான்று கேளுங்கள். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் உட்பட அத்தனை பேரும் கையெழுத்துப் போட வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.