"ஒரு கவர் தானேண்ணே?"

சனிக்கிழமை மதியம், சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த நேரம். ஒரு தம்பி காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, போனை நீட்டிக்கொண்டே இறங்கினார். "அண்ணே, ஆன்லைன்ல அஞ்சு சீட்டுக்கும் சேர்த்தே 3,800தான் போட்டிருக்கான். நீங்க 16,000 சொல்றீங்க. ஒரு கவர் தானேண்ணே?"

ஒரு கவர் தானே! வாரத்துக்கு நாலு பேராவது இதை என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். மதுரையில் 22 வருஷமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அப்பா வைத்திருந்தார். அடக்கி அடக்கிப் பார்த்தேன், இன்றைக்கு முடியவில்லை.

அந்தத் தம்பியின் வண்டி 12 வருஷம் ஓடியது. டிரைவர் சீட்டின் வலது ஓரம், ஏறி இறங்கும்போது தொடை உரசுமே, அந்த இடம் கிழிந்து உள்ளே ஃபோம் மஞ்சளாகத் தெரிந்தது. விரலை வைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது, திருச்சி வரை ஓட்டினாலே முதுகு பிடித்துக்கொள்கிறது என்று அவரேதான் சொன்னார். சரி, அந்தச் சீட்டின் மேல் 3,800 ரூபாய் கவரை மாட்டினால் என்ன ஆகும்? கிழிசல் மறையும். உள்ளே ஃபோம் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். இடுப்பும் சாய்ந்துகொண்டேதான் இருக்கும். புண்ணுக்குப் புனுகு தடவுகிற வேலை அது.

கவர் மாட்டுவது வேறு, சீட்டைப் பிரித்துத் தைப்பது வேறு. இது ஏன் யாருக்கும் புரிய மாட்டேன் என்கிறது?

முதலில் சீட்டைக் கழற்ற வேண்டும். நாலு போல்ட். பழைய வண்டி என்றால் அதில் ரெண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றிய சீட்டைக் குப்புறப் போட்டு, ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை விடுவித்து, கவரை மெல்ல மேலே சுருட்டினால் ஃபோமில் ஆழமான பள்ளங்கள் தெரியும். வெளியிலிருந்து பார்க்கும்போது சீட்டில் கோடு கோடாக உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதே, அது வெறும் தையல் இல்லை. அந்தப் பள்ளத்தின் அடியில் ஃபோமை வார்க்கும்போதே வைத்த ஒரு கம்பி ஓடுகிறது. கவரின் பின்பக்கத் தையலுக்குள்ளும் ஒரு கம்பி. இந்த ரெண்டு கம்பியையும் ஹாக் ரிங் என்கிற சின்ன இரும்பு வளையத்தால் கவ்விப் பிடித்திருக்கிறார்கள். சில சீட்டில் ஒன்றுக்கு மட்டும் முப்பது வளையத்துக்கு மேலே இருக்கும். ஒவ்வொன்றையும் பிளேயரால் திருகி எடுக்க வேண்டும். ஃபோம் கிழியக் கூடாது, கம்பி வளையக் கூடாது. புதுக் கவர் தைத்த பிறகு அதே இடத்தில் அத்தனை வளையத்தையும் திரும்பப் போட வேண்டும். என் வலது கையில் பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்துப் போயிருப்பது இதனால்தான்.

பழைய கவரைக் கிழித்துத் தூர எறிந்துவிட முடியாது. அதுதான் எங்களுக்கு அளவு. தையல் தையலாகப் பிரித்தால் ஒரு சீட்டுக்கு 15, 16 துண்டு வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் சாக்பீஸால் நம்பர், எது மேல் பக்கம், எது எதோடு சேரும் என்று குறுக்குக் கோடு. 12 வருஷம் ஆள் உட்கார்ந்த கவர் இழுபட்டுத்தான் இருக்கும். அதை அப்படியே வைத்து வெட்டினால் புதுசு தொளதொளவென்று வந்து நிற்கும். எந்தத் துண்டு எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று கையால் தடவித்தான் கணக்குப் போட வேண்டும். தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டி, பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டி, வளைவில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்துத் தைக்க வேண்டும். சட்டைத் துணி என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம், ஊசி போன இடம் தெரியாது. ரெக்சினிலும் தோலிலும் அது நடக்காது. ஊசி இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். ஒரு தையல் கோணினால் அந்தத் துண்டே வீண்.

ஒரு சின்னக் காருக்கு 54 இஞ்ச் அகல ரெக்சின் 9, 10 மீட்டர் பிடிக்கும். ஃபோம் தனி, நூல் தனி, வளையம் தனி. நானும் பையனும் சேர்ந்தால் மூன்று நாள். இதில் எந்த இடத்தில் வருகிறது "ஒரு கவர் தானே"?

டயர் கடையில் பேரம் பேசுகிறீர்களா? ஷோரூமில் பில்லை நீட்டினால் லேபர் சார்ஜ் என்ன என்று கேட்காமல் கார்டைத் தேய்க்கிறீர்கள். குஷன்காரனிடம் வந்தால் மட்டும் கூலி கண்ணை உறுத்துகிறது. ரெக்சினுக்கு விலை சொன்னால் சரி என்கிறீர்கள், ஃபோமுக்குச் சொன்னால் சரி என்கிறீர்கள், கைக்கு விலை சொன்னவுடன் முகம் சுருங்குகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ரெக்சின் நானே வாங்கித் தர்றேன், நீங்க கூலி மட்டும் சொல்லுங்க." கொண்டுவருவது சோபாவுக்குப் போடுகிற சரக்கு. வீட்டு ஹாலில் மின்விசிறிக்குக் கீழே கிடக்கும் சோபாவும் மதுரை மே மாத வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தும் காரும் ஒன்றா? மூடிய காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டும். இன்றைக்கு நாம் ரெக்சின் என்று சொல்வது பெரும்பாலும் துணியின் மேல் பி.வி.சி. பூசியது. அது வளைந்து கொடுப்பதே அதில் கலந்திருக்கும் எண்ணெய் மாதிரியான பொருளால்தான். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அப்புறம் சரக்கு விறைத்து, தையல் ஓரமாகப் பிளக்கும். காருக்கென்று செய்வதை இந்தச் சூட்டையும் வெயிலையும் நினைத்துத்தான் செய்கிறார்கள், விலை கூட இருப்பது அதனால்தான். (ரெக்சின் என்பதே ஒரு கம்பெனிச் சரக்கின் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில் துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்தார்கள். அந்தச் சரக்கு போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. அதனால்தான் பத்து விதமான சரக்கையும் ஒரே பெயரில் கூப்பிட்டு, எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம்.) சோபா ரெக்சின் எட்டு மாதத்தில் வெடித்தால் அப்போது வாங்கிக் கொடுத்தவர் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. தைத்தவன் பெயர்தான் கெடும்.

ஃபோமும் அப்படித்தான். மெத்தைக் கடையில் மிச்சம் விழும் ஷீட்டை வெட்டி வைத்தால் ரெண்டு மாதம் மெத்தென்று இருக்கும், அப்புறம் அப்பளமாக அமுங்கிவிடும். டிரைவர் சீட்டுக்கு நான் 40 டென்சிட்டிக்குக் கீழே வைப்பதில்லை. ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ எடை வரும் ஃபோம் அது. வாங்கும் அன்றைக்கு இது ரொம்பக் கெட்டியாக இருக்கிறதே என்பார்கள். மூன்று வருஷம் கழித்து வந்து சொல்லட்டும்.

போன மாதம் ஒரு வண்டி வந்தது. வேறெங்கோ 6,000 ரூபாய்க்குச் செய்தது, ஒரு வருஷத்துக்குள் பின் சீட்டுக் கவர் உப்பிக்கொண்டு எழுந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். பள்ளத்தில் ஒரு வளையம்கூட இல்லை. வளையம் போடச் சோம்பல்பட்டு, பள்ளம் முழுக்கப் பசையை ஊற்றிக் கவரை அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். ரெண்டு இடத்தில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக். கவரை இழுத்தால், தோசைக் கல்லில் அடை பிடித்துக்கொண்டு பாதி பாதியாக வருமே, அப்படி ஃபோம் கட்டி கட்டியாகக் கையோடு வந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளே ஒரு குழந்தையின் ஹேர் கிளிப், சிவப்புப் பூ வைத்தது, பசையோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. அதை எடுத்துப் போடக்கூட அந்தக் கைக்கு நேரம் இல்லை. கொதிப்பு தலைக்கேறியது எனக்கு. இவ்வளவும் கெட்டபிறகு ஃபோமையே புதிதாகச் செதுக்க வேண்டும், செலவு கூடும் என்று சொன்னால், வண்டிக்காரர் கோபித்துக்கொண்டது என்னிடம்! ஏற்கெனவே 6,000 கொடுத்தாச்சே என்கிறார். கொடுத்தீர்கள் ஐயா, சீட்டைக் கெடுப்பதற்குக் கொடுத்தீர்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது ஒன்று இருக்கிறது. ஏர்பேக்.

இப்போது வரும் நிறைய வண்டிகளில் முன் சீட்டின் முதுகுப் பக்கம், கதவை ஒட்டிய ஓரத்தில், சீட்டுக்குள்ளேயே ஏர்பேக் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துண்டு தைத்திருக்கும். பக்கவாட்டில் ஒரு லாரி வந்து இடித்தால் கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்தப் பை சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே விரிய வேண்டும். அது கிழிவதற்காகவே கம்பெனியில் அந்தத் தையலைத் தனியாகக் கணக்குப் பண்ணிப் போடுகிறார்கள். அதன் மேல் நான் தடித்த ரெக்சினைச் சுற்றி நைலான் நூலால் இறுக்கித் தைத்தால் பை எங்கே போகும்? வெளியே வரவே நேரம் பிடிக்கும், இல்லை வேறு பக்கம் திரும்பும். உங்கள் விலா எலும்பைக் காப்பாற்ற வைத்ததை நானே கட்டிப்போட்ட மாதிரி.

அதனால் அந்தத் தையலை நான் தொட மாட்டேன். நடுப்பகுதியை மாற்றித் தருகிறேன், அடிச் சீட்டை முழுக்கச் செய்கிறேன், அந்த ஓரம் கம்பெனித் துணியாகவே இருக்கட்டும் என்று சொல்வேன். அதற்கு வரும் பதில்: "கலர் மேட்ச் ஆகாதேண்ணே. எல்லாரும் போடுறாங்க, ஒண்ணும் ஆகல."

ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னும் இடிபடவில்லை என்று அர்த்தம். வேறென்ன? அந்தச் சீட்டில் உட்காரப்போவது உங்கள் மனைவி, உங்கள் அம்மா. கலர் மேட்ச் ஆகவில்லை என்பது ஒரு கவலையா? "இங்கே ஏர்பேக்குக்கு நூல் மெல்லிசாகப் போட்டிருக்கோம்" என்று சொல்லி விற்கிறார்கள். அது சரியாகக் கிழியும் என்று எதை வைத்துப் பார்த்தார்கள்? என்னால் சோதித்துப் பார்க்க முடியாத தையலை நான் போட மாட்டேன். இதைச் சொல்லி அனுப்பிய வண்டிகள் நிறைய. அந்த வருமானம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்த தெருவில் போய் அதே இடத்தில் இறுக்கித் தைத்துக்கொண்டு போகிறார்களே, அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அந்த மாதிரிச் சீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் அதில் கை வைக்க வேண்டும். ஒன்றும் தெரியாமல் பிடுங்கிவிட்டு, டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களும் உண்டு.

அப்பா காலத்தில் அம்பாசடர் டாக்சிகள்தான் அதிகம். சீட்டுக்குள்ளே ஸ்பிரிங், அதன் மேல் கோணி, அதற்கு மேல் ரப்பர் ஏற்றிய தேங்காய் நார். கோணி ஊசியும் மெழுகு தடவிய நூலும் வைத்து ஸ்பிரிங்கைக் கோணியோடு சேர்த்துக் கட்டுவார். ஊசி மறுபக்கம் வரும் இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, இடது கை விரல் நுனியில்தான் தெரியும். டிரைவர்கள் வேலை நடக்கும்போதே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். "முதலாளி, இடது பக்கம் ஒரு பிடி நார் கூட வைங்க" என்பார்கள். அவர்களிடமும் பணம் கிடையாது. தவணையாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் ஒருத்தர்கூட என் அப்பாவைப் பார்த்து இது என்ன பெரிய வேலை என்று கேட்டதில்லை. நாள் முழுக்க அதில் உட்காருகிறவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். 2014இல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. அப்பாவின் கோணி ஊசி இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன்கள் ஐந்து பேரில் இன்றைக்கு ஒருவன்தான் மிச்சம். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் முதுகு ஒடிய வேலை செய்து முடித்த பிறகு, வண்டிக்காரர் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டுவதைப் பார்த்த பையன் இந்த வேலையில் எதற்கு இருப்பான்? நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும், காலையில் ஆறு மணிக்கு வண்டி வேணும் என்று ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்பவர்களை நினைத்தாலே அவனுக்குக் கை ஓடாது.

அந்தச் சனிக்கிழமைத் தம்பி இன்று காலையில் திரும்ப வந்தார். கையில் பார்சல். ஆன்லைனில் வாங்கியேவிட்டார். "மாட்டி மட்டும் குடுங்கண்ணே, 500 ரூபா தர்றேன்." பிரித்துப் பார்த்தால் ஹெட்ரெஸ்ட் ஓட்டை ரெண்டு இஞ்ச் தள்ளி இருக்கிறது, பின்னால் பெல்ட் பூட்டுக்கு வழியே இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. டிரைவர் சீட்டைக் கழற்றி, கவரைச் சுருட்டி, வலது ஓரத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். சத்துமாவு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் சீட்டை மட்டும் செஞ்சுடுங்கண்ணே" என்றார். 5,000 என்றேன். 4,000 ஆகாதா என்றார். ஆகாது என்றேன். விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது அந்தச் சீட்டு என் முன்னால் குப்புறக் கிடக்கிறது. 36 வளையம் எடுத்தாயிற்று, இன்னும் நாலு பாக்கி. வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க தம்பி. அதுவரைக்கும் முடிஞ்சுதா முடிஞ்சுதான்னு போன் பண்ணாதீங்க, கை வேலையில இருக்கும்.