அம்மாவுக்கும் அரைநாள் விடுப்பு

பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த அப்பாவை, மதுரை வீட்டில் மூன்று ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்பவர் 68 வயதான அம்மா. வாரத்தில் இரண்டு அரைநாளாவது மாற்று ஆள் வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்ததே, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான். ஓராண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் அது. "கட்டினவரைப் பார்க்கக் கூலிக்கு ஆளா?" என்று கேட்ட உறவினர் எவரும் ஒருநாள் இரவு வந்து தங்கியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆள் அனுப்பும் நிறுவனத்திடம் நாம் முதலில் கேட்பது கட்டணத்தையும் சான்றிதழையும்தான். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவரிடம் சான்றிதழ் இருந்தது. ஆனால் அப்பாவை எழுப்ப, செயலிழந்த வலக்கையையே பிடித்து இழுத்தார். தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் நிலையில் அப்படி இழுத்தால் மூட்டு நழுவக்கூடும். அடுத்து வந்தவர், "ஐயாவுக்கு எந்தப் பக்கம்மா வரலை?" என்று கேட்டு, சக்கர நாற்காலியை இடப்பக்கமாகக் கொண்டுவந்து பிரேக் போட்டு, அப்பாவின் காதருகே குனிந்து, "தூக்கப் போறேன்யா" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். அவரையே அமர்த்தினோம்.

வாரந்தோறும் ஆளை மாற்றி அனுப்பக் கூடாது, இவர் வர முடியாத நாளில் யார் வருவார் என்பதை முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதே வேலையாகிவிட்டால் அம்மாவுக்கு அது ஓய்வாகாது. முதல் மூன்று முறையும் அம்மா கூடவே இருந்தார். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு கரண்டியால் ஊட்டுவது, சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கவிடாமல் இருப்பது ஆகியவற்றை நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி ஒட்டினார். பேச்சுக் குழறும் அப்பா "வண்டி" என்றால் சிறுநீர் வருகிறது என்று பொருள். அதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தராது.

அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் வீடு தேடி வருவது பெரிய உதவிதான். ஆனால் சிகிச்சை முடிந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அம்மா வெளியே போய்வரும்வரை துணையிருக்கும் ஆளுக்கு நம் கைக்காசைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை மூன்று பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்கிறோம்.

அந்த மூன்று முறைக்குப் பிறகு, அப்பாவை அவரிடம் விட்டுவிட்டு வந்த முதல் அரைநாளில் அம்மா எங்கும் போகவில்லை. எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது வாரத்தில்தான், இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருந்த தம் கண்புரைப் பரிசோதனைக்குப் புறப்பட்டார்.