எந்தச் சாம்பல்?

ஹாலுக்கு சாம்பல் நிறம் என்று முடிவு செய்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒரு சுவர்கூட முடியவில்லை. ஷேடு கார்டில் அடுத்தடுத்து இருக்கும் ஆறு சாம்பலும் கடையில் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. சுவரில் அடித்துக் காய்ந்த பிறகுதான் ஒன்று நீலம் காட்டுகிறது, இன்னொன்று ஊதா, மற்றொன்று பாசி பிடித்த மாதிரி பச்சை.

கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷினில் வெள்ளை பேஸ் பெயின்ட்டோடு கறுப்பு மட்டும் சேர்வதில்லை. துளி நீலமோ மஞ்சளோ சிவப்போ சேர்கிறது. அந்தத் துளிதான் வெளிச்சத்துக்கு ஏற்பத் தலைகாட்டுகிறது. காலையில் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாக இருந்த சுவர், ராத்திரி மஞ்சள் சாயல் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் எல்இடி போட்டதும் பழுப்பாகிவிடுகிறது. இதைக் கார்டிலேயே ஒரு வரி அச்சடித்தால் என்ன? தபால்தலை அளவு சதுரத்தைக் காட்டி 20 லிட்டர் வாங்கச் சொல்வது நியாயமே இல்லை. கலக்கிய பெயின்ட்டைக் கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்கிறார்கள்.

இப்போது சுவரில் நான்கு சதுரம், இரண்டு கோட் அடித்து, பென்சிலால் எண் போட்டு வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரம் 2-ஆம் எண் நிறம் அழகாக இருக்கிறது. மூலையில் அதுவே அழுக்கு. பெயின்டர் தினமும் போன் செய்து, "கலர் முடிவாச்சா சார்?" என்கிறார்.