வேன் டிரைவர் யாருன்னு கேட்டது ஒரு குத்தமா?

காலைல வேன் வந்து நிக்குது, உள்ள வேற ஆளு. ஒரு மெசேஜ் இல்ல, ஒரு போன் இல்ல. "பழைய அண்ணன் நின்னுட்டாரு, இனிமே நாந்தான்"ங்கறாரு. என் பொண்ணு யூகேஜி. ஏத்திவிட மனசே வரல, நானே ஸ்கூட்டில கொண்டுபோய் விட்டுட்டு நேரா ஸ்கூல் ஆபீஸ்க்குப் போனேன்.

கேட்டது ஒரே கேள்வி. புது டிரைவருக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணிருக்கீங்களா?

ஆபீஸ் மேடம் "வேன் காண்ட்ராக்ட்டும்மா, ஓனரக் கேளுங்க"ன்னாங்க. ஓனருக்கு போன் போட்டா "எல்லா பேப்பரும் ஸ்கூல்ல குடுத்தாச்சே". திரும்ப மேடம். பீரோவத் தொறந்து, ஃபைலத் தேடி, ஒரு லைசென்ஸ் ஜெராக்ஸ எடுத்து நீட்டுறாங்க, பாத்தா அது பழைய டிரைவரோடது! மறுபடி ஓனருக்கு போன். வாட்ஸ்அப்ல ஆதார் கார்டு போட்டோ வருது. ஏங்க, ஆதார் அவர் யாருன்னு சொல்லும், அவர் மேல கேஸ் இருக்கான்னு சொல்லுமா? "நம்ம ஊர்ப் பையன் மேடம், தங்கமானவன், நான் கேரண்டி"ங்கறாரு. முக்கால் மணி நேரம் இப்படியே அலைய விட்டு, கடைசில கரெஸ்பாண்டென்ட் கூப்பிட்டு சொல்றாரு, "எந்த பேரண்ட்டும் கேக்கல, நீங்க மட்டும் ஏம்மா இவ்ளோ டென்ஷன் ஆவுறீங்க?"

யாரும் கேக்காமலே நீங்க பண்ணிருக்கணும் சார்! குழந்தைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காப்பாத்துற போக்சோ சட்டத்துக்கு 2020ல வந்த விதிகள்லயே இருக்கு. ஸ்கூலோ, க்ரெஷ்ஷோ, ஸ்போர்ட்ஸ் அகாடமியோ, குழந்தைங்க கூட பழகுற ஸ்டாஃப் டீச்சரா இருந்தாலும் இல்லாட்டியும், பெர்மனென்ட்டோ காண்ட்ராக்ட்டோ, எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும், அதையும் ஒரு தடவையோட விடாம அப்பப்ப திரும்பப் பண்ணணும். வேன் காண்ட்ராக்ட்டுன்னு சொல்லி எப்படிக் கைய கழுவுறீங்க? தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்லயே பணம் கட்டி அப்ளை பண்ணலாம். வாடகை வீட்டுக்கு வந்தப்ப எங்க ஹவுஸ் ஓனர் என் போட்டோ, ஆதார் எல்லாம் வாங்கி ஸ்டேஷன்ல குடுத்தாரு. ரெண்டு ரூம் வீட்டுக்கு இருக்கிற அக்கறை புள்ளைங்களுக்கு இல்லையா?

வருஷா வருஷம் மே மாசம் ஸ்கூல் பஸ்ஸ வரிசையா நிறுத்தி அவசர வழி, தரைப் பலகை, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டின்னு ஆர்டிஓ பாக்குறாங்க. நல்ல விஷயம், பாக்கட்டும். ஆனா ஓட்டுற ஆளு ஸ்கூல் வருஷத்துக்கு நடுவுல மாறினா பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?

சரி நானே பாத்துக்கறேன்னாலும் வழி இல்ல. பாலியல் குற்றவாளிகளுக்கு 2018லேர்ந்து தேசிய அளவுல ஒரு டேட்டாபேஸ் இருக்கு, அத போலீஸ் மாதிரி ஆளுங்கதான் பாக்க முடியும். அதனாலதான் ஸ்கூல் பண்ணித்தான் ஆகணும்னு கத்துறேன். அந்த வெரிஃபிகேஷன் பேப்பர் வந்துட்டாலும் முழுசா நிம்மதி கிடையாது, போலீஸ்ல பதிவானதுதான் அதுல வரும். ஸ்கூல் பேரு கெட்டுடும்னு புகார அமுக்கிட்டு, ராஜினாமா எழுதி வாங்கி அனுப்புனா அந்த ஆளு அடுத்த ஸ்கூல்ல போய் எந்தக் கறையும் இல்லாம சேருவான். அப்படி மறைக்கிற நிர்வாகிக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்னு போக்சோ சட்டம் சொல்லுது. முன்னாடி வேலை பாத்த எடத்துக்கு ஒரு போன் போட்டு ஏன் நின்னாருன்னு விசாரிக்க என்ன செலவாகுது?

அந்தப் பையன் தப்பானவர்னு நான் சொல்லவே இல்ல. காலைல நான் பேரு, ஊரு கேட்டப்ப அவர் முகமே சுருங்கிப்போச்சு, எனக்கே சங்கடமா இருந்துச்சு. கைல அந்த ஒரு பேப்பர் இருந்திருந்தா அவருக்கும் இந்த நெலமை வந்திருக்காது.

சாயங்காலம் என் பொண்ணு டைரியத் தொறந்தா, சாக்ஸ்ல ஸ்கூல் லோகோ இல்லையாம், நாளைக்கே ஆபீஸ்ல புதுசு வாங்கணுமாம். ஜூன்ல அங்கதாங்க மூணு ஜோடி வாங்கினேன்! ரெண்டே தோய்ப்புல லோகோ உரிஞ்சு, எலாஸ்டிக் போயி, மூணும் கணுக்கால்ல வந்து விழுது.